பச்சைக் கல்லின் மதிப்பும் குடும்பப் பாகமும்

(ஆனைமலையில் கூடிய நமது சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நிலம், தென்னை, மாடு என்னும் இவற்றின் மதிப்பை அறியாதார் இச்சபையில் ஒருவரும் இரார். சந்தையில் காளை பிடிப்பவன் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான், அதன் பின்னரே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவான். அத்தகைய மனிதனே ஒரு பச்சைக் கல்லை வாங்கப் புகுங்கால், விற்பவன் வாயைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. இதனால் விளையும் நஷ்டம் வாங்கியவனோடு நில்லாமல் அவன் மக்களையும் சேர்கின்றது. ஆதலின் இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டோம்.

ரத்தினங்கள் கொங்கு நாட்டிற்குப் புதியனவல்ல. காங்கயத்தை அடுத்த படியூரில் கடல்நிறப் பெரில் கற்கள் கிடைத்தன. 1819, 1820 ஆகிய ஆண்டுகளிலும் அவை அங்கே வெட்டியெடுக்கப்பட்டன. நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வில், நம் முன்னோர் கல்லறுத்து மணி செய்த தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமாபுரி ஆசிரியர் பிளினி, பெரில் கற்கள் இந்தியாவிலிருந்தே பெரும்பாலும் வருவன என்று எழுதினார். அவரே, இந்தியர் பளிங்குக்குச் சாயமேற்றி, முக்கியமாகப் பெரிலைப் போலவே போலிக்கற்கள் செய்கின்றனர் என்றும் எழுதிவைத்தார். கல் எவ்வளவு பழமையோ, போலியும் அவ்வளவு பழமை என்பது இதனால் விளங்கும்.

நமது சங்கத்தாரிடம் வந்த ஒரு பாகப்பிரிவினையை, பெயர் கூறாது, இங்கே எடுத்துரைப்போம். பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பச்சைக்கல் மோதிரம் ஒன்று அக்குடும்பத்தில் இருந்தது. மேற்புறம் குவிந்து, பட்டை தீட்டாமல் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கல் அது. அதை மரகதமென்றே தலைமுறையாக வழங்கி வந்தனர். "தென்னந்தோப்பில் தங்கைக்குரிய ஏக்கருக்கு ஈடாக இம்மோதிரத்தைத் தந்துவிடுகிறோம்" என்றார் மூத்தவர். தங்கையோ, அண்ணன் சொல்லை மீறவும் மாட்டாமல், ஒப்பவும் மாட்டாமல் நின்றார். பெண்மக்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமபாகம் உண்டென்று நமது மாகாணத்தில் 1989லும், தேசம் முழுமைக்கும் 2005லும் சட்டம் ஏற்பட்டிருப்பதைச் சபையோர் அறிவர். ஆகவே கல்லின் மதிப்பை அறியாமல் தீர்ப்புக் கூறுதல் நியாயமாகாது.

முதற் கேள்வி, அஃது என்ன கல் என்பது. மரகதம் பெரில் இனத்தைச் சேர்ந்தது. பர்மாவின் வடக்கே கச்சின் நாட்டில் ஹ்பாகாந்து என்னுமிடத்தில் கிடைக்கும் பச்சைக்கல் ஜேடைட் எனப்படும். 1863இல் தமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதைத் தனி இனமென்று பிரித்துக் காட்டினார். நுண்ணிய மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அது எளிதில் உடையாது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி, கல்லை மோதிரத்தினின்று கழற்றி நிறுத்தலாகும். காற்றில் பத்துக் காரட் நிற்கும் கல், நீரில் மூழ்கியபடி ஏழு காரட் நின்றால், குறைந்தது மூன்று. பத்தை மூன்றால் வகுக்க 3.33 வரும். இதுவே ஜேடைட்டின் அளவு. மரகதமாயின் ஏறத்தாழ 2.7 வரும், பச்சை நிறக் குவார்ட்ஸ் வகையாயின் 2.65, நெப்ரைட் என்னும் மற்றொரு ஜேட் ஆயின் 2.95 அளவில் வரும்.

இரண்டாவது கேள்வி, அதற்கு ஏதேனும் செயற்கைப் பக்குவம் செய்யப்பட்டதா என்பது. மேலே மெழுகு பூசி மெருகேற்றிய அளவில் நின்ற இயற்கைக் கல்லை வணிகர் 'ஏ' வகை என்பர். அமிலத்தில் ஊறவைத்துக் கறை போக்கி, உண்டான வெற்றிடத்தில் பிசினை ஏற்றியது 'பி' வகை. சாயம் ஏற்றியது 'சி' வகை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் நோக்கினால், சாயம் மணிகளின் இடுக்கில் நரம்பு நரம்பாகத் தேங்கி நிற்பதும், அமிலம் அரித்த மேற்பரப்பு வலைபோல் வெடித்திருப்பதும் பல கற்களில் தெரியும். ஆயினும் பிசினை ஐயமின்றிக் காட்டுவது அகச்சிவப்புக் கதிர்ப் பரிசோதனையே. ஜெய்ப்பூரில் 1972 முதல் ரத்தினப் பரிசோதனைச் சாலை நடந்து வருகின்றது. சூட்டூசியால் குத்திப் பார்த்தலும், உரசிப் பார்த்தலும் நல்ல கல்லைக் கெடுக்கும் வழிகளாம்.

மூன்றாவது கேள்வியே விலை. இயற்கைக் கல் என்பதனால் மட்டும் விலை உயர்ந்துவிடாது. வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் நோக்க வேண்டும். கடையின் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும். பச்சை கருமையும் வெளிறலுமின்றிச் சமமாய்ப் பரவியிருத்தல், ஒளி உள்ளே புகுந்து ததும்புதல், மணிகள் கண்ணுக்குப் புலனாகாத நயம், வெடிப்பின்மை, இருபுறமும் ஒத்த குவிவு ஆகிய இவையே குணங்கள். அடிப்புறத்தைக் குடைந்திருந்தால் கரும்பச்சையும் பிரகாசமாய்த் தோன்றும். எனவே கழற்றிப் பார்த்தல் அவசியம்.

2014இல் ஹாங்காங் ஏலத்தில் 27 மணிகள் கோத்த ஜேடைட் மாலை ஒன்று 2.74 கோடி டாலருக்குப் போயிற்று. அச்செய்தியைக் காட்டிச் சாதாரணக் கல்லுக்கு விலை சொல்வோர் பலர். தங்கத்திற்கு அன்றன்றை விலையுண்டு. இதற்கோ அத்தகைய பொது விலை இல்லை. வாங்குவோர் பெரும்பாலும் சீன தேசத்தார். நவரத்தின வரிசையில் இதற்கு இடமின்மையால் நம் ஊரில் விரும்பி வாங்குவாரும் அரியர். பர்மியக் கல்லை அமெரிக்கா 2008 முதல் 2016 வரை தடுத்து வைத்திருந்தது. 2020 ஜூலையில் ஹ்பாகாந்துச் சுரங்கத்தில் மண் சரிந்து நூற்றெழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இக்கல்லின் அழகுக்குப் பின்னே அத்துயரமும் உண்டு.

மேற்கூறிய மோதிரக்கல், செயற்கைப் பக்குவமற்ற ஜேடைட் என்று பரிசோதனையில் தெளிந்தது, மரகதமன்று. வாங்கவோ விற்கவோ விருப்பமில்லாத இருவரைக் கொண்டு தனித்தனியே மதிப்பிட்டதில், இருவர் மதிப்பும் தோப்பின் விலைக்கு அருகிலும் வரவில்லை. அப்போது சபைப் பெரியவர் ஒருவர், "பாகம் வைப்பவன் ஒருவன், எடுப்பவன் மற்றொருவன் என்பது நம் வழக்கம். அம்மோதிரத்தை நீரே எடுத்துக்கொண்டு ஏக்கரைத் தங்கைக்கு விடுவீரா?" என்று மூத்தவரைக் கேட்டார். அவர் மௌனமானார். பின்னர், தங்கைக்கு நிலத்திலேயே பாகம் என்று எழுதி முடித்தனர். மோதிரம் தாயார் கையிலேயே நின்றது.

அன்பர்காள்! பரிசோதனைப் பத்திரம் கல் இன்னதென்று சொல்லும்; விலையைச் சொல்லாது. விற்பவன் கூறும் மதிப்பு அவன் வாங்கத் துணியும் விலையன்று. அழகுக்காக விரும்பினால், இழந்தாலும் வருந்தாத அளவில் வாங்கி அணியுங்கள். மகள் கல்யாணத்திற்கும் மகன் படிப்பிற்கும் சேர்த்த பொருளைக் கல்லில் முடக்காதீர்கள். பாகம் பிரிக்குங்கால், மதிப்புத் தெரியாத பொருளை எளியவர் தலையில் கட்டாதீர்கள்.