சுவாமி சகஜானந்தரும் நந்தனார் பெயரும்

(காந்திகிராமத்தில் ஆற்றிய உரை)



கால் நூற்றாண்டு கண்ட கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் எவரைப் பற்றிப் பேசுவதென்று எண்ணியபோது, தத்துவம் கற்ற துறவியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் வாழ்ந்த சுவாமி சகஜானந்தரே எம் நினைவில் முதலில் நின்றார். கல்வித் தொண்டும் அரசியலும் ஒருவரிடம் கூடுவது இக்காந்திகிராமத்திற்குப் புதிதன்று. 1947-இல் இதனை நிறுவியவர்களுள் ஒருவரான டாக்டர் சௌந்தரம் அம்மையார், 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். சகஜானந்தரோ சேரிக் குடிசையிலிருந்து புறப்பட்டவர்.

ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27 அன்று பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்து மிஷன் பள்ளியில் சில காலம் பயின்றார். வறுமை அவரைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பிற்று. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து வேதாந்தம் கற்றார். கையையே உண்கலமாகக் கொண்டவர் என்பது அக்குருவின் பெயருக்குப் பொருள். அவ்வளவு கற்றவர் ஒரு மடத்தில் அமர்ந்து பாடம் சொல்லியே காலங்கழித்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் சிதம்பரத்திற்கு வந்து, 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்.

இவ்விடத்தில் எம் இளைஞர் சிலர் கேட்பதுண்டு: "தீயில் மூழ்கிய பின்பே தில்லைக்குள் விடப்பட்டவரின் பெயரை நம் பள்ளிக்கு வைக்கலாமா?" நியாயமான கேள்வி. அதனைக் கேட்பவரை நாம் கடிந்துகொள்ளலாகாது. பெரியபுராணம் அவரைத் திருநாளைப்போவார் என்கிறது. 'நாளைப் போவேன்' என்றே பல நாள் கழித்தவர் அவர். அவருடைய பக்தியை நாம் வணங்குகிறோம். அந்த நெருப்பை வணங்க எமக்கு மனம் வரவில்லை. ஆயினும், அதே தில்லையில், அதே பெயர்ப் பலகையின் கீழ், சேரிப் பிள்ளை கையில் சிலேட்டுடன் நுழைந்ததை எண்ணிப் பாருங்கள். அவன் எந்த வேள்வியிலும் இறங்க வேண்டியிருக்கவில்லை. 'நாளை' என்ற சொல்லுக்கும் அங்கே வேலையில்லை. சுவாமிகள் கற்ற வேதாந்தம் எல்லா உயிரிலும் ஒன்றையே காணச் சொல்கிறது. அதனை ஏட்டில் விளக்கியோர் பலர். அவர் அதற்கு ஒரு வகுப்பறை கட்டினார்.

பள்ளி நடத்துவதற்குப் பணமும் இடமும் வேண்டும். சட்டமும் துணை நிற்க வேண்டும். 1926-இல் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். இடையிடையே விட்டும் தொடர்ந்தும் அப்பணி நீண்டது. காவியுடையோடு சட்டசபையில் அமர்ந்து கல்விக்காகவும் ஆலய நுழைவுக்காகவும் வாதிட்டார். நமக்கு அண்மையிலுள்ள மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் 1939-இல் நமக்குத் திறந்தது. மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல்தான் வந்தது. சிதம்பரத்தில் பள்ளிக் கதவு திறந்து அப்போது முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

1957 தேர்தலில் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 மே முதல் நாள் மறைந்தபோதும் அவர் சட்டமன்ற உறுப்பினரே. அவர் தொடங்கிய பள்ளிகள் பின்னாளில் அரசுப் பள்ளிகளாயின. சிதம்பரம் செல்லும் நம் அன்பர்கள் கோயிலைக் கண்டு திரும்பிவிடுகிறார்கள். நந்தனார் பள்ளிக்கும் ஒருமுறை சென்று, அங்கே பயிலும் பிள்ளைகளோடு பேசிவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.