நெற்று தரும் மரங்களும் வறட்சி நிலங்களும்

கல்பாத்திப் புழையின் கரையில் நிற்பவர்களுக்குக் கேரளம் முழுவதுமே நீர்வளம் மிக்கது என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளை நெருங்க நெருங்க மழை குறைகிறது. இடுக்கி மாவட்டத்தின் சின்னாறோ மழை மறைவில் அமைந்த முட்புதர்க் காடு. இத்தகைய எல்லைப் பகுதிகளில் தீவனமும் விறகும் ஒருங்கே தரவல்ல மரம் எது என்பது கிராமப் பொருளாதாரத்தின் முக்கியமான வினாவாகும். இதற்கு விடையாகத் தென் அமெரிக்காவின் அவரைக் குடும்ப மரங்கள் அடிக்கடி பரிந்துரைக்கப்படுகின்றன.

தாயகத்தில் பயன்

பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில் அல்காரோபோ மரத்தின் இனிய நெற்றுகளைக் காய்ச்சிப் பாகு எடுக்கின்றனர். அர்ஜென்டினாவில் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மரத்தின் நெற்றை மாவாக்கி உண்கின்றனர். ஹவாய்த் தீவுகளுக்கு 1828இல் சென்ற அல்காரோபோ, அங்கே கால்நடைத் தீவனமாயிற்று. நெற்றின் சதையில் சர்க்கரையும் விதையில் புரதமும் மிகுந்துள்ளமையே இதற்குக் காரணம்.

தமிழகத்தின் அனுபவம்

இவ்வினத்தின் இன்னொரு உறுப்பினரே சீமைக்கருவேலம். 1870களில் இது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதற்கு 'அரச மரம்' என்னும் சிறப்புத் தகுதி அளித்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் ஏழை மக்களுக்கு விறகும் கரிமூட்டத் தொழிலும் கிடைத்தன. ஆனால் அதே மரம் கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆக்கிரமித்தது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வகுத்தது.

ஒரே மரம் ஓரிடத்தில் செல்வமாகவும் வேறிடத்தில் சுமையாகவும் ஆவதேன்? விடை நெற்றிலேயே உள்ளது. ஆடுமாடுகள் நெற்றை முழுதாகத் தின்கின்றன. கடினமான உறை கொண்ட விதைகளில் பல செரிக்காமல் சாணத்துடன் வெளிவந்து, சென்ற இடமெல்லாம் முளைக்கின்றன. நெற்றை நன்கு உலர்த்தி விதையுடன் அரைத்துவிட்டால் விதை அழிகிறது. அதன் புரதமும் கால்நடைக்குக் கிடைக்கிறது. சர்க்கரையின் பிசுபிசுப்பால் உலராத நெற்று இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உலர்த்துதல் இன்றியமையாதது. அரைத்த மாவையும் பிற தீவனத்துடன் அளவோடு கலந்தே தர வேண்டும். இதனை மட்டுமே தொடர்ந்து தின்னும் மாடுகள் நோயுறுகின்றன. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்நெற்றிலிருந்து தீவனம் மட்டுமன்றிக் காபிக்கு மாற்றான பொடியையும் உருவாக்கியுள்ளது.

செய்ய வேண்டுவன

ஆகவே, மரம் ஏற்கெனவே பரவியுள்ள மாவட்டங்களில் நெற்றுச் சேகரிப்பையும் அரைவை நிலையங்களையும் கூட்டுறவு முறையில் ஏற்படுத்துவது பயன்தரும். சேகரிப்போர்க்குக் கூலியும், கால்நடை வளர்ப்போர்க்குத் தீவனமும் கிடைப்பதுடன், விதை பரவுவதும் குறையும். ஆனால் அதைக் காரணமாகக் காட்டிப் புதிய இடங்களில் நடுதல் தகாது. குறிப்பாகச் சின்னாறு போன்ற சரணாலயங்களின் அருகில் இதற்கு இடமே தரலாகாது. விறகின் வருவாய் ஒரு குடும்பத்திற்குச் சேரும். மேய்ச்சல் நிலத்தின் இழப்போ ஊர் முழுவதற்கும் உரியது. திட்டமிடுவோர் இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும்.

வரப்புகளிலும் சாலையோரங்களிலும் நடுவதற்கு, அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து நம்மோடு பழகிவிட்ட மரங்கள் உள்ளன. கொடுக்காப்புளியின் சதையைச் சிறுவர்கள் விரும்பித் தின்கின்றனர். சந்தையிலும் அது விலைபோகிறது. தூங்குமூஞ்சி மரம் நிழலுடன் தீவன நெற்றும் தருகிறது. எந்த மரமாயினும், நடுவதற்கு முன்னர் அதன் பயனை மட்டுமன்றி, அதன் விதை எவ்வழியே செல்லும் என்பதையும் ஆராய்வதே அறிவுடைமை.