கொழுத்த பிள்ளையும் கண்ணேறும்



பிள்ளை கொழுகொழுவென்றிருந்தால் நாம் கன்னத்தில் பொட்டு வைத்து மிளகாய் சுற்றிப் போடுகிறோம். அதே பிள்ளை மூன்று வயதில் சற்று இளைத்தால் கண்ணேறு பட்டதென்று மந்திரிக்கிறவனிடம் ஓடுகிறோம். கயிறு கட்டினவனுக்குக் காசு. பிள்ளையின் தொண்டையில் திணித்த சோறு!

பிறக்கும்போது குழந்தையின் சரீரத்தில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 15 பங்கு கொழுப்பு. ஆறாம் மாதவாக்கில் அது ஏறக்குறைய 25 பங்காகிறது. பிறகு பிள்ளை எழுந்து ஓடுகிறது, இளைக்கிறது. சுமார் 6 வயதில்தான் மறுபடி சதை போடுகிறது. இதில் யார் கண் பட்டது?

பிரான்சில் ரோலான்-கஷேரா என்ற அம்மையாரும் கூட்டாளிகளும் 151 குழந்தைகளின் வளர்ச்சியை 16 வயது வரையில் அளந்து 1984-ல் வெளியிட்டார்கள். ஐந்தரை வயதுக்கு முன்பே மறுபடி சதை போடத் தொடங்கிய பிள்ளைகளே பின்னால் அதிகம் பருத்திருந்தனர். ஒரு வயதில் கொழுத்திருந்ததா, மெலிந்திருந்ததா என்பது அதை மாற்றவில்லை. அப்படியிருக்க, இளைக்க வேண்டிய வயதில் இளைக்கும் பிள்ளையைப் பார்த்து நாம் ஏன் பயப்படுகிறோம்?

"நம் பிள்ளை பிறவியிலேயே நோஞ்சானாயிற்றே" என்பீர்கள். புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்டனில் 3.5 கிலோ என்று 2003-ல் வெளியாயிற்று. ஆனால் நம் குழந்தையிடம் குறைந்தது தசை. தோலடிக் கொழுப்பு அவ்வளவு குறையவில்லை! அதன்மேல் சர்க்கரையும் டப்பா மாவும் கரைத்து ஊற்றி அவசரமாக எடை ஏற்றுவது, பின்னால் வரும் சர்க்கரை வியாதிக்கு இப்போதே அச்சாரம் கொடுப்பதாகும்.

பட்டினி போடச் சொல்லவில்லை. ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மட்டும். பிறகு அதனுடன் வீட்டுச் சாப்பாடு. பிள்ளை வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள். காய்ச்சலோ கழிச்சலோ கண்டு இளைத்தால் வைத்தியரிடம் போங்கள். மற்றபடி அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்த்து அட்டையில் குறித்துத் தருகிறார்கள். அதற்குக் காசு கேட்பதில்லை.