குரங்கு ஏன் லயத்துக்கு வருகிறது?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் மேல் லயத்தில் ஒரு தாய் ரொட்டியைச் சுட்டு வைத்துவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது ரொட்டி இல்லை. கூரைத் தகரமும் பெயர்ந்து கிடந்தது. அன்றிரவு மழை. நனைந்த புத்தகங்களை மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் நாங்கள்தான் காயப்போட்டோம்.

ஆகவே குரங்கின் தொல்லை நமக்குத் தெரியாததல்ல. அது ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான், யாரிடம் என்ன கேட்பது என்பதும் தெரியும்.

இந்த மலைகள் ஒரு காலத்தில் முழுக் காடு. 1820களுக்குப் பிறகு கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை தொடங்கிய பின் அதற்காகவும் காடு அழிந்தது. அழிக்கச் சொன்னவர்கள் துரைமார். வெட்டிய கைகளில் நம் பாட்டன், பூட்டன் கைகளும் உண்டு. காட்டுக்கும் காணி மிஞ்சவில்லை, நமக்கும் காணி கிடைக்கவில்லை.

மிஞ்சியவை மலை உச்சியிலும் ஓடைக்கரையிலும் உள்ள துண்டுக் காடுகள். அங்கே மூன்று உயிர்கள் வாழ்கின்றன. மூன்றும் இலங்கைக்கே உரியவை. லயத்துக்கு வரும் செங்குரங்கு ஒன்று. அது கன்னப்பையில் உணவை அடக்கிக்கொண்டு ஓடும், எதையும் தின்று பிழைக்கும். அடர்ந்த உரோமமுள்ள கருமந்தி இன்னொன்று. அது இலை தின்னி, மரம் விட்டு மரம் தாவி வாழ்வது. மரத்தொடர் அறுந்தால் அதன் வழியும் அறும். மூன்றாவது, இரவில் உலாவும் மலைத் தேவாங்கு. அழிந்தே போயிற்று என்று எண்ணியிருந்த அதன் முதல் புகைப்படங்கள் 2010இல்தான் வெளிவந்தன.

இப்போது வானிலையும் மாறுகிறது. மாசி, பங்குனி வெயிலில் கொழுந்து கருகுவதையும் பீலி வற்றுவதையும் பார்க்கிறோம். பேர் குறைகிறது, சம்பளம் குறைகிறது. அதே வெயில் காட்டையும் காய்ச்சுகிறது. மலைக்காடு மழையோடு மூடுபனியையும் குடித்து வாழ்வது. வெப்பம் கூடினால் மூடுபனி மேலே ஏறும். தேவாங்கு அதன் பின்னால் எவ்வளவு தூரம் ஏறும்? உச்சிக்கு மேல் மலை இல்லையே. ஹோட்டன் சமவெளியில் பல ஆண்டுகளாகவே மரங்கள் நின்றபடி பட்டுப்போகின்றன.

அரசாங்கம் என்ன செய்தது? 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் பார்த்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்தன, திட்டம் நின்றது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், வீட்டுத் தோட்டத்திலும் பயிர்நிலத்திலும் வரும் விலங்குகளை எண்ணச் சொன்னது. அன்று ஒரு மாணவி எங்களிடம் கேட்டாள்: "சேர், நம்ம தோட்டம் எது?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

தோழர்களே, நம் பக்கமும் வேலை இருக்கிறது. குரங்குக்குத் தீனி போட வேண்டாம். எஞ்சிய சோற்றையும் குப்பையையும் திறந்து வைக்க வேண்டாம். கண்ணியும் விஷமும் வேண்டவே வேண்டாம். கண்ணியில் சிக்குவது சிறுத்தையாகவும் இருக்கலாம். வழக்கென்று வந்தால் நீதிமன்ற வாசலில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளைதான்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பவை நான்கு:

1. பெயர்ந்த கூரைகளைத் தோட்டச் செலவில் திருத்த வேண்டும்.
2. ஒவ்வொரு லயத்துக்கும் மூடிய குப்பைக்குழி வேண்டும்.
3. ஓடைக்கரையிலும் தேயிலை வராத உச்சியிலும் யூகலிப்டஸை நிறுத்தி, காட்டு நாவல் போன்ற இந்த மலையின் மரங்களை நட்டுத் துண்டுக் காடுகளை இணைக்க வேண்டும். அந்த வேலைக்கு முழுப் பேர் போட வேண்டும்.
4. நாம் பயிரிடும் மரக்கறித் துண்டுக்கு எழுத்தில் உரிமை வேண்டும். உரிமை இருந்தால்தான் பயிர்ச் சேதத்துக்கு நட்டஈடு கேட்க முடியும்.

மூன்றாவது கோரிக்கை குரங்குக்காக மட்டுமல்ல. ஓடைக்கரையில் காடு நின்றால்தான் பங்குனியிலும் பீலியில் தண்ணீர் வரும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த நான்கும் தீர்மானமாக வருகின்றன. குடும்பத்தோடு வாருங்கள், கை உயர்த்துங்கள்.