பூக்காத பதினோரு வருஷம்

இன்னிக்கு ஒரு பூவையும் ஒரு தவளையையும் பத்திப் பேசப்போறேன்.

2018 ஆகஸ்ட். நீலக்குறிஞ்சி பார்க்க மூணாறுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். கேரளாவில் பெருவெள்ளம், ட்ரிப் கேன்சல். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்தது 2030. செம கடுப்பு!

அந்தக் கடுப்பில் தேடிப் படிச்சப்போ இன்னொருத்தர் அறிமுகமானார்: ஊதாத் தவளை. அதே இடுக்கி மாவட்டம். 2003-ல் எஸ்.டி. பிஜுவும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து இதைப் புது இனமாக அறிவித்தார்கள். வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும். பருவமழை தொடங்கும்போது சில நாள் மட்டும் மேலே வந்து, ஜோடி சேர்ந்து, ஓடையில் முட்டையிட்டு, திரும்ப மண்ணுக்குள்ள போயிடும். இதோட நெருங்கின சொந்தக்காரங்க இருக்கிறது கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகள்ல!

ரெண்டுமே காத்திருக்கும். ஆனா கணக்கு வேற. குறிஞ்சி சேர்த்து வெச்ச மொத்தத்தையும் ஒரே சீசன்ல செலவு பண்ணிடும். மலை முழுக்க ஒண்ணாப் பூத்து, விதை போட்டு, செத்துப்போகும். அந்த வருஷம் தவறினா அந்தச் செடிக்கு அடுத்த வாய்ப்பே கிடையாது. தவளைக்கு அப்படியில்லை, அடுத்த மழை இருக்கு.

சில வருஷம் கழிச்சு மூணாறு போனேன். கூட வந்த வழிகாட்டி அண்ணன்கிட்ட, "குறிஞ்சி எங்கண்ணா இருக்கும்?"னு கேட்டேன். "உங்க கால்கிட்ட இருக்கே, அதான் தம்பி"ன்னார். சாதாரணப் பச்சைப் புதர். அதைத் தாண்டித்தான் அரை மணி நேரமா நடந்திருக்கேன்!

பூக்காத வருஷங்களில் அந்த மலை 'சும்மா கிடக்கிற இடம்' மாதிரிதான் தெரியும். புல்வெளிகளில் தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டில் மரமும் ஏறியது இப்படித்தான். தவளை கதையும் அதேதான். அதோட தலைப்பிரட்டைகள் ஓடுற தண்ணியில பாறையைக் கவ்விக்கிட்டு வளரும். குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினா ஓட்டம் போச்சு. ஆனா பெரிய தவளைதான் மண்ணுக்குள்ள இருக்கே, குறைஞ்சாலும் யாருக்குத் தெரியும்?

2030-ல் எல்லாரும் கேமராவோட போவோம், நானும்தான். அதுக்கு முன்னாடி, பூவே இல்லாத ஒரு வருஷத்துல ஒருதடவை போய்ப் பாருங்க. காலடியைப் பார்த்து நடங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.