பெயர் தெரிந்த காடு
(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்காலக் கவிதைகளில் பறவைகள் மிகுதி. வானில் பறவை பறக்கிறது. கிளையில் பறவை அமர்கிறது. அந்தியில் பறவை கூடு திரும்புகிறது. எந்தப் பறவை என்று வினவினால் பெரும்பாலான கவிதைகளில் விடை இராது. சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தால் கூழைக்கடா, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவை கண்ணிற்படும். நான்கும் பறவைகளே. ஆயினும் ஒன்றன் இயல்பு மற்றொன்றுக்கு இல்லை. ஒன்று பெரும் பை போன்ற அலகால் மீனை அள்ளும்; ஒன்று நீருள் மூழ்கிச் சற்றுத் தொலைவில் எழும்; ஒன்று நீண்ட விரல்களால் நீர்ச்செடிகள் மேல் நடக்கும்; ஒன்று ஆழமற்ற நீரில் தலையைக் கவிழ்த்து இரை தேடும். இந்நான்கையும் ‘பறவை’ என்னும் ஒரு சொல்லில் அடக்கும்போது கவிதை எதை இழக்கிறது என்பதே இவ்வுரையின் வினா. அவ்வினாவுக்கு விடையாக ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர், ஓவியர், எழுத்தாளர் ஆகிய மா. கிருஷ்ணனே அவர்.

தமிழ் நாவல் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மக்கள் எண்மருள் இளையவராக 1912 ஜூன் 30 ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ தந்த மாதவையா 1925 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்தபின் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. தமிழுக்காகப் பேசியதே தந்தையின் இறுதிச் செயலாக அமைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பயின்றது தாவரவியல். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் செய்த பேராசிரியர் பைசன் அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஆசிரியருடன் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் சென்று செடிகளைக் கண்டறியும் பயிற்சியைப் பெற்றார் கிருஷ்ணன். நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையைப் பைசனின் துணைவியாரிடம் கற்றார். செடியை வரைபவர் இலையின் விளிம்பு நேரானதா, பல் போன்றதா என்று பார்த்தாக வேண்டும்; காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் வரைந்தால் அது வேறு செடியாகிவிடும். பின்னாளில் அவர் எழுத்திலும் படத்திலும் விளங்கிய செம்மைக்கு இப்பயிற்சியே அடித்தளம் எனலாம்.

சட்டமும் படித்தார். ஆனால் அத்தொழில் அவரைப் பிணிக்கவில்லை. 1942 இல் பெல்லாரியை அடுத்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. அங்கே பள்ளி ஆசிரியராக, நீதிபதியாக, விளம்பர அலுவலராக, அரசரின் அரசியல் செயலராகப் பல பொறுப்புகளை வகித்தார். ஆடு மேய்த்தும் புறா வளர்த்தும் பார்த்தார். 1949 இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது, பணியும் முடிவுற்றது. அப்போது வயது ஏறத்தாழ 37. மனைவியும் குடும்பமும் உடைய அவ்வயதில் மற்றொரு நிலையான பணியைத் தேடுவதே உலகியல்பு. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பி, எழுதுகோலையும் காமிராவையும் நம்பி வாழத் துணிந்தார். மாதச் சம்பளமின்றி ஏறத்தாழ 47 ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்தார். கலைஞர்களின் துணிவைப் பாராட்டுவது எளிது. அத்துணிவுக்கு ஒரு குடும்பம் ஒவ்வொரு மாதமும் செலுத்தும் விலையை எண்ணிப் பார்ப்பது அரிது.

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 இல் ‘கண்ட்ரி நோட்புக்’ என்னும் பத்தியை அவர் தொடங்கினார். இருவாரத்துக்கு ஒருமுறை வெளிவந்த அப்பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. காட்டு யானையைப் பற்றி எழுதியவரே வீட்டுக் கொல்லையின் அணிலையும் காக்கையையும் பற்றி எழுதினார். 1961 இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பே ‘காடும் கொல்லையும்’ என்று பொருள்படுவது. இயற்கையைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை என்பதை அத்தலைப்பே உணர்த்திவிடுகிறது. 1996 பிப்ரவரி 18 ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய இறுதிப் பத்தி அன்றைய இதழிலேயே அச்சாகி வந்தது.

அவருடைய காமிராவைப் பற்றி ஒரு சொல். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கருவி அது. அதற்குச் ‘சூப்பர் பாண்டிரோஸா’ என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். வண்ணப் படங்கள் பெருகிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே அவர் கைக்கொண்டார். இன்று ஒரு நொடியில் இருபது படங்கள் எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. அக்காலத்தில் பிலிம் விலை மிக்கது. காட்டினுள் வெளிச்சமோ குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் விசையை அழுத்துமுன் சிந்திக்க வேண்டியிருந்தது. காற்று எப்பக்கம் வீசுகிறது என்று அறிய வேண்டியிருந்தது. மனித வாடை பட்ட மறுகணம் யானைக் கூட்டம் விலகிவிடும், அல்லது விரட்டிவரும். பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து காட்டினுள் சென்று அவர் எடுத்த படங்கள் பல.

கொங்குச் சிற்றூர்களில் தெய்வத்துக்கு மண் குதிரை செய்து வைக்கும் மரபு உண்டு. ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவின்போது கூடும் குதிரைச் சந்தையும் பலர் அறிந்ததே. குதிரையை வரையும் ஓவியருக்குக் குதிரை காத்து நிற்கும். கடிவாளம் பிடிக்க ஆள் இருப்பார். காட்டு விலங்கைப் படம் எடுப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை; காத்து நிற்க வேண்டியவர் கலைஞரே. வரும் என்ற உறுதியும் இல்லை. வந்தால் நிற்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே அவரது கலையின் முதற்பண்பு பொறுமை, அடுத்தது பணிவு. கட்டுரைகளுக்குத் தாமே வரைந்த கோட்டோவியங்களிலும் இப்பண்புகளைக் காணலாம். அவை அழகுக்காகச் சேர்த்தவை அல்ல. சொல்லால் காட்ட இயலாத உடல்நிலையை, ஒரு திரும்பலை, ஒரு தலைத்தூக்கலைக் கோடுகளால் காட்டுபவை.

நேரு ஆய்வுத்தகைமை பெற்று, தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியே 1975 இல் நூலாயிற்று. 1970 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 1995 இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ சிறப்புப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. ஆயினும் தமிழ் இலக்கிய உலகம் அவரை அறிந்தது காலந்தாழ்த்தியே.

இவ்விடத்தில் கொங்கு நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. கிருஷ்ணனின் தமிழை நமக்குக் கிடைக்கச் செய்தவர்களுள் மூவர் இம்மண்ணின் மைந்தர்கள். முதலாமவர், மொடக்குறிச்சிப் பகுதியில் பிறந்த கவிஞர் பெரியசாமித் தூரன். அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குக் கிருஷ்ணன் கட்டுரைகள் எழுதினார். இரண்டாமவர், தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன். பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக்கினார். மூன்றாமவர், திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன். ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்னும் தொகுப்பு அவருடைய பதிப்புப் பணியால் வந்தது. வாழ்வின் இறுதிக் காலத்தில் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் புதினத்தையும் கிருஷ்ணன் தமிழில் எழுதி வெளியிட்டார் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இங்கே ஒரு தடை எழுவது இயல்பு. தமிழுக்காகப் பேசி மறைந்தவரின் மகன், தம் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் தந்ததேன்? இதற்கு விடையை அவரிடம் மட்டும் தேடுவது முறையாகாது. 46 ஆண்டுகள் ஓர் அணிலுக்கும் ஒரு வல்லூறுக்கும் இடம் ஒதுக்கிய தமிழ் நாளிதழ் எது? ஊதியம் கொடுத்து அவ்வெழுத்தைக் கேட்டுப் பெற்ற தமிழ் ஏடு எது? எழுத்தாளர் ஒருவர் மொழியை விட்டுச் சென்றார் என்று சொல்லுமுன், அம்மொழியின் ஏடுகள் அவருக்கு இடம் வைத்திருந்தனவா என்று கேட்பதே நேர்மை.

மற்றொரு தடையும் உண்டு. காட்டுயிர்களுக்கெனச் சில நிலங்கள் மனிதத் தலையீடு அற்றுக் கிடக்க வேண்டும் என்ற உறுதி உடையவர் அவர். அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதையும் எதிர்த்தார். நீலகிரியின் புல்வெளிகளைச் சீகை மரமும் தைல மரமும் விழுங்கியதைக் கண்டவர்கள் பின்னதை மறுக்கமாட்டார்கள். முன்னதோ அவ்வளவு எளிதன்று. ஆனைமலையில் காடரும் மலசரும் முதுவரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பேணும் பாகர்களுள் மலசர் பலர். 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இம்மக்களின் உரிமையை ஏற்றுள்ளது. காடு என்பது விலங்கும் மரமும் மட்டும் அன்று. அவற்றின் பெயர்களை நாவில் வைத்திருக்கும் மக்களும் சேர்ந்ததே காடு. கிருஷ்ணனைப் போற்றுவோர் இதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

இனி, பாவலர்க்கு அவர் வாழ்வு தரும் பாடத்துக்கு வருவோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அதைப் பட்டியல் என்று கடந்துவிடுவோர் உளர். அம்மலர்கள் ஒவ்வொன்றையும் கண்டு, பெயர் கேட்டு, நினைவில் வைத்த ஒரு சமுதாயம் அப்பாட்டின் பின்னால் நின்றது என்பதே நோக்கத்தக்கது. ஆண் யானை களிறு, பெண் யானை பிடி என்று நம் முன்னோர் பிரித்தறிந்தனர். ஆமா, வருடை என்று மலை விலங்குகளுக்குப் பெயர் வைத்திருந்தனர். வருடை என்னும் வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வால்பாறைக்கு மேலுள்ள புல்மலைகளில் இன்றும் மேய்கிறது. நம் கல்லூரிகளில் பயிலும் மாணவர்களுள் எத்தனை பேர் அப்பெயரைச் சொன்னதும் அவ்வுருவைக் காண்பர்?

பிழைகளும் மரபாகிவிட்டன. தோகை விரிப்பது ஆண் மயில். பெண்ணைத் தோகை என்கிறோம். விடியற்காலையில் இனிமையாகக் கூவுவது கரிய நிறத்து ஆண் குயில்; புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறப் பெண் குயிலுக்கு அப்பாட்டு இல்லை. நாமோ இனிய குரலுடைய மங்கையைக் குயில் என்கிறோம். கவி மரபுக்கு உரிமை உண்டு என்பது உண்மையே. ஆயினும் மரபை அறிந்து மீறுவது வேறு. பார்க்காமையால் பிழைபடுவது வேறு. முன்னது கலை, பின்னது சோம்பல்.

பெயர் மறந்த உயிரைக் காப்பது கடினம். ஒரு குளத்தில் ‘பறவைகள்’ குறைந்தன என்றால் எவரும் கலங்கார். கூழைக்கடா இவ்வாண்டு வரவில்லை என்று ஒருவர் சொன்னால், ஏன் வரவில்லை என்று மற்றவர் கேட்பார். மீன் குறைந்ததா, கழிவுநீர் மிகுந்ததா, ஆகாயத்தாமரை மூடியதா என்று பேச்சு வளரும். அக்கேள்வியை எழுப்ப ஒரு பெயர் தேவைப்படுகிறது. அப்பெயரை மக்கள் நாவில் வைத்திருக்கும் கடமை, அறிவியலாருக்கு இருப்பதுபோலவே பாவலர்க்கும் உண்டு.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் எத்தனையோ நூல்களை ஆராய்ந்திருக்கும். எத்தனையோ கவிதைகளைக் கேட்டிருக்கும். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை அரங்கில் அன்றிக் குளத்தங்கரையில், கதிரவன் எழும் வேளையில் கூட்டுவது பொருத்தமாகும். எழுதுகோல் வேண்டாம், ஒரு மணிநேரம் அமைதியாகப் பார்த்தல் போதும். ஒவ்வொருவரும் ஓர் உயிரின் பெயரைக் கற்று மீள வேண்டும். அதன்பின் எழுதப்படும் கவிதையில் ‘பறவை’ என்னும் சொல் வருமாயின், அச்சொல்லை எழுதிய கை சற்றே தயங்கும். அத்தயக்கமே மா. கிருஷ்ணனுக்குத் தமிழ்ப் பாவலர் செலுத்தும் நன்றியாகும்.