வெப்பப் படமும் சுவரின் ஈரமும்

மாரி கழிந்து தை பிறந்த பின்னும் யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் சுவர்களில் ஈரம் ஊறி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது எங்கிருந்து வருகின்றது என்றறிய இக்காலத்தில் வெப்பப் படக்கருவி பயன்படுகின்றது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து, படத்தில் நீலத் திட்டாகத் தோன்றும். ஆயினும் கருவி வெப்பநிலையை நேரே அளப்பதில்லை. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிரை ஏற்று, அதனின்றும் கணிக்கின்றது. வழு புகுவது இக்கணிப்பில்தான்.

சாந்து பூசிய சுவரும் சுட்ட ஓடும் ஏறக்குறைய 0.9 என்னும் கதிர்வீச்சுத் திறன் உடையன. பளபளக்கும் புதிய அலுமினியத் தகட்டுக்கோ அது 0.1இலும் குறைவு. அது தன் வெப்பத்தைச் சொல்லாது; கண்ணாடிபோல் வானத்தின் குளிரையே காட்டும். நண்பகலில் கைவைக்க இயலாத கூரை படத்தில் குளிர்ந்து கிடக்கும்! மின்வேலைக்காரரின் கறுப்பு நாடாவில் ஒரு துண்டை அதில் ஒட்டி, சிறிது பொறுத்து, திறனை 0.95 என அமைத்து, அந்நாடாவை அளத்தல் வேண்டும்.

மின்பலகையிலுள்ள செப்புப் பட்டையிலும் இம்மயக்கம் நேரும். அது தீயில் முடியலாம். ஆனால் மின்னோட்டமுள்ள பட்டையில் நாடா ஒட்டப் போவது உயிராபத்து. அருகிலுள்ள கம்பியின் காப்புறையை அளப்பதே தக்கது.

இன்னொன்று. பனைமரத்தின் நிழல் விழுந்த சுவரும் நீலமாகவே தெரியும். அதனை ஈரமென்று கருதி நல்ல சாந்தை உடைத்தவர் உண்டு. வெயில் படுமுன் படமெடுங்கள். ஐயமுள்ள இடத்தில் ஈரமானியையும் வைத்துப் பார்த்த பின்னரே உளியைத் தொடுங்கள்.